சம்பந்தியின் கடைவாய்ப் பல்

என் கொழுந்தன் மாரீஸ்வரனின் வலது கால் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் ஆடும். சாப்பிட உட்கார்ந்தால் ஆடும். பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் பஸ் ஆடுகிறதா இவன் ஆடுகிறானா என்று தெரியாது. “காலாட்டாதடா, வீட்டுக்கு ஆகாது” என்று அவன் அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். பல் மருத்துவம் படித்து முடித்து, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டு, உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகாவது அந்தக் கால் அடங்கும் என்று பார்த்தோம். ஆட்டம் கூடத்தான் செய்தது.

நான் பூங்கோதை. அவன் அண்ணன் பாண்டித்துரையைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள். நான் வந்தபோது மாரீஸ்வரன் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். எனக்கு வாய் நீளம் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய்யில்லை. ஆனால் இந்த வீட்டில் அவன் மனசு விட்டுப் பேசுவது என்னிடம் மட்டும்தான். மற்றவர்கள் அவன் முன்னால் வாயைத் திறப்பது பல்லைக் காட்டுவதற்கு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நயினார்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்து அவன் முதல் வாய் சோறு எடுத்து வைக்கப் போகிறான், எதிர் வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து வந்து, அவன் இலைக்கு நேராகக் குனிந்து வாயைப் பிளந்து விரலால் காட்டுகிறார். உள்ளே பாதி மென்ற வடை. “அண்ணே, டாக்டரு சாப்பிட்டு எந்திரிக்கட்டும், நீங்களும் முழுங்கிட்டு வாங்க” என்று நான்தான் விரட்டினேன். இவனுக்கென்றால் மறுத்துச் சொல்ல நாக்கு வராது. கைபேசியில் விளக்கைப் போட்டுப் பார்ப்பான். பார்த்துவிட்டுப் பல்லைக் காப்பாற்றலாம் என்பான். அவர்கள் உடனே, “அட, புடுங்கி விட்ருப்பா” என்பார்கள். எங்கள் பக்கத்தில் பல் டாக்டர் என்றால் பிடுங்குகிறவர். வலித்தால் பிடுங்கு, ஆடினால் பிடுங்கு. ஊசி போடும் டாக்டருக்கு இருக்கும் மரியாதையில் கால்வாசிகூட இவனுக்கு இல்லை. “டாக்டருக்கே படிச்சிருக்கலாமே தம்பி” என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் ராமநாதபுரத்தில் ஒரு பெரிய கிளினிக்கில் சேர்ந்தான். மூன்று நாற்காலி, ஏசி, சுவரில் பளபளவென்று சிரிக்கும் யாரோ ஒரு பெண்ணின் படம். அங்கேதான் அந்தச் சம்பவம் நடந்தது. கீழக்கரையிலிருந்து சித்தி ஜுனைதா என்ற பேருள்ள ஒரு அம்மா வந்திருக்கிறார். மேல் வரிசையில் கடைப்பல் சொத்தையாகி ஓடு மாதிரி ஆகிவிட்டது. அதைப் பிடுங்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. இவன் குறடை வைத்து அசைத்திருக்கிறான். சட்டென்று ஒரு சத்தம். பல்லின் தலை மட்டும் குறடோடு வந்துவிட்டது, வேர் உள்ளே நின்றுவிட்டது. இவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீனியர் டாக்டர் வந்து, “தள்ளு, எறா உரிக்கிற மாதிரி உரிச்சா இப்படித்தான்” என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு, பேசிக்கொண்டே வேரை எடுத்துப் போட்டாராம். நர்ஸ் பெண்கள் சிரித்திருக்கிறார்கள். அந்த அம்மா மட்டும் வீங்கிய வாயோடு இவன் கையைத் தட்டிக்கொடுத்து, “பரவாயில்ல வாப்பா, அல்லா லேசாக்குவான்” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பான். அந்தச் சத்தமும் அந்தத் தட்டிக்கொடுத்தலும் இவனை விடவில்லை. அதற்குப் பிறகு பிடுங்க வேண்டியவர்கள் வந்தால் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடுவான். சீனியர் அதையும் கண்டுபிடித்துக் கேலி செய்யத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். அடுத்து பரமக்குடி. அங்கே மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. நல்ல பல்லுக்கெல்லாம் தொப்பி போடச் சொல்கிறார்கள் என்று விட்டான். இதற்கிடையில் கூடப்படித்த அகமது கபீர் குவைத்துக்குப் போய்விட்டான், அவனும் நாள் தவறாமல் கூப்பிட்டு, “இங்க லைசென்ஸ் பரீட்சை எழுதிட்டு வந்துரு மாப்ள” என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். இவன் பரீட்சைக்குப் படிப்பான். நடுவில் மேல்படிப்புக்குப் படிப்பான். கொஞ்ச நாள் அரசு வேலைக்கு விண்ணப்பம் போடுவான். எதையும் முழுதாகச் செய்யமாட்டான். மாடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பான்.

கடைசியில் ராமேஸ்வரம் வாய்த்தது. கோயிலுக்குக் கிழக்கே லாட்ஜுகள் இருக்கும் தெருவில், மாடியில் ஒரு சின்ன கிளினிக். மதுரையில் இருக்கும் ஒரு டாக்டருடையது. அவர் மாதத்துக்கு இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், மற்ற நாளெல்லாம் இவன் ராஜ்யம். காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போய்விட்டு, பொழுது சாய்ந்தபிறகு முகமெல்லாம் உப்புக்காற்று அப்பிக்கொண்டு வருவான்.

அங்கே வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் யாத்திரை வந்தவர்கள். ரயிலில் வரும்போதே பல் வலி, தரிசனம் முடிவதற்குள் நிற்க வேண்டும், சாயங்காலம் திரும்பவும் ரயில். இதில் வேறு ஒரு கூத்து உண்டு. அக்னி தீர்த்தத்தில் முங்கி எழும்போதும், கோயிலுக்குள் தீர்த்தக் கிணறுகளில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றும்போதும், பெரியவர்கள் வாயைத் திறந்து சாமி பேரைச் சொல்வார்களா, செட் பல் கழன்று விழுந்துவிடும். கடலில் போனால் போனதுதான். பொக்கை வாயோடு நேராக இவனிடம் வருவார்கள், ரயிலுக்குள் புதுசு வேண்டும் என்பார்கள். அதெல்லாம் நடக்கிற காரியமா? ஒரு வடநாட்டுப் பெரியவர் கைகூப்பிக் கேட்டாராம், ஊருக்குப் போய்ப் பேத்தி கல்யாணத்தில் சிரிக்க வேண்டும் என்று. அன்றைக்கு இவன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

“ஒரு பல்லோட முடிவுகூட எனக்குத் தெரியல மதினி” என்றான் ஒரு நாள். “மருந்து வச்சு அடைச்சு அனுப்புறேன். அது ஆறுச்சா, சீழ் வச்சுச்சா, ஊருக்குப் போயி புடுங்கிட்டாகளா, ஒண்ணும் தெரியாது. தண்ணியில எழுதுற மாதிரி இருக்கு.”

இதற்காக வந்தவர்களிடம் நம்பர் வாங்கிவைத்து, ஒரு வாரம் கழித்துக் கூப்பிட ஆரம்பித்தான். அவனுக்குத் தெரிந்த இந்தி எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். பல் டாக்டர் பேசுகிறேன் என்றாலே ஏதோ ஏமாற்றுக்காரன் என்று திட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். இவன் போனைப் பார்த்துக்கொண்டே காலை ஆட்டுவான். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா பெயர் சின்னக்கருப்பன். மிளகாய் மண்டி வைத்திருப்பவர். ராமநாதபுரத்தில் புதிதாக மாடிக் கட்டடம் கட்டி, கீழே முழுவதும் காலியாக வைத்திருந்தார். மகள் பானுப்பிரியா எம்.எஸ்சி. முடித்துவிட்டு குரூப் பரீட்சைக்குப் படிக்கிறாள். டாக்டர் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்தால் கிளினிக் வைத்துக் கொடுப்பது இப்போது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. நகை போடுவது மாதிரி நாற்காலி, எக்ஸ்ரே மெஷின் எல்லாம் பேசுகிறார்கள். நாங்கள் போய்ப் பெண் பார்த்தோம். பெண் நேராகப் பார்த்துப் பேசினாள், எனக்குப் பிடித்தது. மாரீஸ்வரனுக்கும் பிடித்தது. சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? என் மாமனார் முனியசாமி அப்போதே கிளினிக்குக்குப் பெயர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்தது அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் முறை. வீடு பார்க்க வருகிறவர்கள் வயல் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, வீடு ஒழுகுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். சின்னக்கருப்பன் எதையும் பார்க்கவில்லை. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைவாய்ப் பல் ஒரு மாதமாகக் கொல்லுகிறதாம்.

“வேற எங்கயும் காட்டாமத்தான் வச்சிருக்கேன்” என்றார். “நம்ம டாக்டரு கையாலதான் புடுங்கணும். டிராக்டரு வாங்குனாலும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துத்தான வாங்குறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் மாரீஸ்வரனின் காலைப் பார்த்தேன். ரயில் போகிற பாலம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு குடும்பமும் ஒரே வேனில் ராமேஸ்வரம் போனோம். சாமி கும்பிட்டது மாதிரியும் ஆச்சு, பல் பிடுங்கியது மாதிரியும் ஆச்சு என்று அவர் ஏற்பாடு. ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு வேன் வைத்துக்கொண்டு போனது உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். தீர்த்தமெல்லாம் ஆடி, தரிசனம் முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு கிளினிக் மாடி ஏறினோம். வெளியே உட்கார இடமில்லாமல் உள்ளேயே நாற்காலியைச் சுற்றி நின்றோம். மாரீஸ்வரன் எக்ஸ்ரே எடுத்தான். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தான். பல்லைத் தட்டிப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

“வேரு நல்லா இருக்கு மாமா” என்றான். “புடுங்க வேணாம். ரூட் கெனால் பண்ணி மேல ஒரு தொப்பி போட்டுருவோம். ரெண்டு மூணு தரம் வந்தாப் போதும்.”

“நான் வேரப் பாக்கவா வந்தேன்? புடுங்குங்க தம்பி.”

“காப்பாத்துற பல்லு மாமா. புடுங்க மாட்டேன்.”

சின்னக்கருப்பன் நாற்காலியில் சாய்ந்தபடியே அவனை ஏற இறங்கப் பார்த்தார். “மாட்டேனா? இல்ல முடியாதா?”

அவன் கை உறையைக் கழற்றவும் இல்லை, குறடை எடுக்கவும் இல்லை. ஒரு நிமிடத்து வேலை, கிளினிக், கல்யாணம் எல்லாம் அந்தக் குறடில் இருக்கிறது. என் மாமனார் தொண்டையைச் செருமுகிறார். என் வீட்டுக்காரர், “ஏலே, அவுகதான் சொல்றாகள்ல” என்கிறார். அந்த அறையில் பல்லைப் பற்றி யோசித்த ஆள் இன்னொருத்தி மட்டும்தான். பானுப்பிரியா மூலையில் நின்றுகொண்டு, “புடுங்காம வச்சா அந்தப் பல்லு எவ்வளவு நாளைக்கு இருக்கும்?” என்று கேட்டாள்.

“நல்லா வச்சுக்கிட்டா அவுக காலம் வரைக்கும்” என்றான் மாரீஸ்வரன்.

சின்னக்கருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து படியிறங்கிவிட்டார். அதே வேனில்தான் எல்லோரும் திரும்பினோம். பாம்பன் பாலத்தில் எப்போதும் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள், அன்றைக்கு யாரும் கடலைப் பார்க்கவில்லை. அவர்களை ராமநாதபுரத்தில் இறக்கிவிட்டோம். மறுநாள் தரகர் போன் செய்தார். இறங்கிய கையோடு சின்னக்கருப்பன் வேறெங்கோ போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டாராம், பத்தே நிமிடத்தில் வேலை முடிந்ததாம். “தம்பிக்குப் படிப்பு இருக்கு, கை இல்ல” என்று சொல்லச் சொன்னாராம்.

அந்த வார்த்தை எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி குடியேறிவிட்டது. மாமனார் அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் பேசினார், அது அதைவிட மோசம். “ஒரு பல்லுதானல? எங்களுக்கெல்லாம் புடுங்குனா மொளைக்கவா போகுது, புடுங்கித் தொலைச்சிருந்தா என்ன?” என்று சாப்பாட்டு வேளையில் எல்லாம் ஆரம்பித்துவிடுவார். நான் ஒரு நாள் சோற்றுச் சட்டியை ணங்கென்று வைத்து, “இனிமே இந்த வீட்டுல பல்லுன்னு எவனாச்சும் பேசுனா மெல்லுறதுக்கு ஒண்ணும் கிடைக்காது” என்றேன். அதற்குப் பிறகு கொஞ்சம் அடங்கியது.

மாசி மாதம். களத்தில் மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. நான் வெளுத்துப்போன சோடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. “தம்பி, எனக்கு மட்டும் சொல்லு. அன்னைக்கு நீ மாட்டேன்னது பயத்துலயா, நியாயத்துலயா?” என்று கேட்டேன்.

ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். “அதான் மதினி எனக்கே தெரியல” என்றான். “அது காப்பாத்துற பல்லுதான், அதுல சந்தேகமில்ல. ஆனா அவுக முடியாதான்னு கேட்டப்ப எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. எது சொல்ல வச்சுச்சுன்னு தெரியல. தெரியாம நான் எப்படி அடுத்த ஆளு வாயில கை வைக்கிறது?”

மிளகாய்க் கையால் கண்ணைக் கசக்கிவிட்டான், மடையன். எழுந்து ஓடினான் தண்ணீரைத் தேடி. நானும் அழுதேன், எனக்கும் மிளகாய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே குவைத் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டான். பெட்டி படுக்கை கட்டாத குறை. ராமேஸ்வரத்துக்கு இந்த மாதம்தான் கடைசி என்றான். ஆள் வீட்டில் இருந்தாலும் மனசு எந்தப் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறதோ என்பது போலத்தான் திரிந்தான்.

அப்போதுதான் பானுப்பிரியாவின் போன் அவனுக்கு வந்தது. அவள் அப்பாவுக்கு முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடிக்கொண்டதாம். பத்து நிமிடத்தில் பிடுங்கிய இடத்தில் வேர்த் துண்டு ஒன்று உள்ளே உடைந்து நின்றுவிட்டதாம். பிடுங்கியவர் இப்போது மதுரைக்குப் போகச் சொல்கிறாராம். எக்ஸ்ரேவைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். மாரீஸ்வரன் அதை என்னிடம் காட்டினான். எனக்கு என்ன தெரியும்? வெள்ளையாக ஏதோ ஒரு துணுக்கு. அவன் முகத்தில் ஈயாடவில்லை. உடைந்த வேர். எதைக் கண்டு இத்தனை நாள் ஓடினானோ, அதுவே வண்டி பிடித்து அவனைத் தேடி வந்துவிட்டது.

வீக்கம் வடியட்டும் என்று போனிலேயே மாத்திரை எழுதி அனுப்பி நாள் தள்ளினான். அங்கே அவர் முகம் வற்ற வற்ற இங்கே இவன் முகம் தொங்கியது. “மதுரைக்கே போகச் சொல்லிறவா மதினி? அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, சொன்னா ஒண்ணும் தப்பில்ல” என்றான்.

“சொல்லு” என்றேன். “சொல்லிட்டு குவைத்துக்குப் போ. அங்கன போயி ஏசியில உக்காந்து காலாட்டு.”

கோபித்துக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வாசற்படியில் நின்றுகொண்டு, “வெள்ளிக்கிழமை அவுக வாராக. நீங்களும் வாங்க மதினி” என்றான். எனக்குப் பல் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். எனக்கு அது பெரிய காரியம்.

வெள்ளிக்கிழமை வேன் இல்லை, கூட்டம் இல்லை. சின்னக்கருப்பனும் மகளும் மட்டும் வந்தார்கள். அவர் என்னைப் பார்த்து ஒரு மாதிரி தலையசைத்துவிட்டு உள்ளே போனார். சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு மாரீஸ்வரன் எங்களை வெளியே உட்காரச் சொன்னான். அந்த அறைக்கு அரைக்கதவுதான். மேலே மங்கல் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, கீழே இடைவெளியில் கால்கள் தெரியும். நாற்காலியின் முனையில் சின்னக்கருப்பனின் இரண்டு பாதம். உதவிக்கு இருக்கும் பெண்ணின் செருப்பு. மாரீஸ்வரனின் வலது கால், மெஷினை ஓட்டும் மிதியின் மேல். அது ஆடிக்கொண்டிருந்தது.

மெஷின் சத்தம் வந்தது. சின்னக்கருப்பனின் கால் விரல்கள் மடங்கின. எதையாவது பேசினால் தேவலை என்று பானுப்பிரியாவிடம், மதுரைக்குப் போகாமல் ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். அப்பாதான் சொன்னார் என்றாள். பிடுங்க வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் இந்த டாக்டர்தான், அவரிடமே போவோம் என்றாராம். அதற்கு முன்னால் வீட்டில் இரண்டு நாள் சண்டை நடந்ததாம், அதை நடத்தியவள் இவள் என்று அவள் சொன்ன தோரணையிலேயே தெரிந்தது.

“உனக்கு எங்க தம்பியப் பிடிச்சிருக்காத்தா?” என்று கேட்டுவிட்டேன். இதற்கெல்லாம் நல்ல நேரமா பார்ப்பது?

அவள் கதவுக்குக் கீழே பார்த்துக்கொண்டே, “காலாட்டுறதுதான் பிடிக்கல” என்றாள்.

உள்ளே மெஷின் நின்றது. ஏதோ ஒரு சாமான் தட்டில் விழுந்தது. “இன்னும் கொஞ்சம்” என்று அவன் சொல்வது கேட்டது. திரும்ப மெஷின், திரும்ப நின்றது. உதவிப் பெண்ணின் செருப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தது. பெரியவர் ஒரு தரம் முனகினார், ஊசி இன்னொன்று போட்டான் போல. வெளியே யாத்திரைக் குடும்பம் ஒன்று வந்து உட்கார்ந்து, காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. கீழே தெருவில் சங்கு விற்கிறவன் ஊதிக் காட்டிக்கொண்டிருந்தான், அவன் வாயை அடைத்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. நான் நகத்தைக் கடிப்பதை விட்டுவிட்டுக் கதவுக்குக் கீழே பார்த்தேன். பானுப்பிரியாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிதியின் மேல் இருந்த கால் அசையாமல் இருந்தது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. வேர்வையில் பேன்ட் காலோடு ஒட்டிக்கிடந்தது, ஆனால் பாதம் நட்டுவைத்த மாதிரி நின்றது.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்கு ஒரு பகல் மாதிரி இருந்தது. கதவு திறந்தபோது மாரீஸ்வரனின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. பஞ்சுத் துணியில் அந்த வேர்த் துண்டைக் காட்டினான். அரை நெல் அளவுதான் இருந்தது. இதற்கா இத்தனை கூத்து என்று தோன்றியது.

சின்னக்கருப்பனுக்கு வாய் நிறையப் பஞ்சு. பேச முடியவில்லை. அந்த மனுஷன் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் சும்மா இருப்பாரா? மாரீஸ்வரனைக் காட்டி, மேற்கே ராமநாதபுரம் இருக்கும் திசையைக் காட்டி, கையால் கதவைத் திறப்பது மாதிரி சைகை செய்தார். கிளினிக்கை எப்போது திறக்கலாம் என்று கேட்கிறார்.

மாரீஸ்வரன் கை கழுவிக்கொண்டே இருந்தான். “அதப்பத்தி இப்ப வேணாம் மாமா” என்றான். “ஒரு வாரம் கழிச்சுத் தையல் பிரிக்கணும். இங்கதான் வரணும்னு இல்ல, உங்க ஊருப் பக்கமே யாருட்டயும் பிரிச்சுக்கலாம். ஆனா நீங்க வந்து காட்டுனா எனக்கு நல்லாருக்கும். ஆறுச்சான்னு நான் பாக்கணும்.”

அவர் விழித்தார். கிளினிக் தருகிறேன் என்கிறார், இவன் புண் ஆறியதா என்று பார்க்க வேண்டும் என்கிறான். பஞ்சை அடக்கிக்கொண்டு மகளைப் பார்த்தார். அவள் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். பாலத்தின் மேல் காற்று முகத்தில் அறைந்தது. கொஞ்ச தூரம் போனதும், “அன்னைக்குப் பயமும் இருந்துச்சு மதினி” என்றான். “ஆனா பயம் இல்லாட்டியும் புடுங்கியிருக்க மாட்டேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.” மண்டபம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

அதோடு அவன் அடங்கிவிட்டான் என்று நினைத்தால் நீங்கள் அவனை அறியாதவர்கள். அந்த ஒரு வாரம் இருக்கிறதே, வீட்டில் அவனோடு இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் பஞ்சை எப்போது எடுத்திருப்பார், சூடாக எதையாவது குடித்துத் தொலைத்திருப்பாரோ, சுருட்டுப் பிடிப்பாரோ என்று ஒரே புலம்பல். போன் செய்து கேள் என்றால் மாட்டான். வராவிட்டால் வராமல் போகட்டும் என்பான், அடுத்த நிமிடம் முதுகுளத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று அண்ணனிடம் கேட்பான். அகமது கபீர் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சாப்பிடாமல் கிளம்பிப் போனான்.

நான் களத்தில் இருந்தேன். மிளகாயை வாரிச் சாக்கில் கட்டும் நேரம். போன் அடித்தது. கை முழுக்கக் காரம், முந்தானையால் பிடித்துக் காதில் வைத்தேன்.

அவர் வந்தாராம். தனியாக, பஸ்ஸில். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாத்திரைக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தாராம். உள்ளே கூப்பிட்டதும் நாற்காலியில் ஏறிப் படுத்து வாயைத் திறந்தாராம். இதையெல்லாம் மாரீஸ்வரன் ஒழுங்காகச் சொல்லவில்லை, விட்டு விட்டுத்தான் சொன்னான். பின்னால் கடல் சத்தமா, அவன் மூச்சா தெரியவில்லை.

“என்னடா, சொல்லித் தொலையேன்” என்றேன்.

“தையலப் பிரிச்சுட்டேன்” என்றான். நான் போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“ஆறிருச்சு மதினி” என்றான். “நல்லா ஆறிருச்சு.”